43 நிமிடமும் வேண்டும்

தலைப்பு: பழைய ராக் ஆல்பத்தை ரசிகர்கள் கூடி மறுபடி கேட்கும்போது இன்பம் தருவது முழு ஆல்பமா, தேர்ந்தெடுத்த பாடல்களா?
‘முழு ஆல்பமே’ அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் இசை அன்பர்களே, அவையில் நிறைந்திருக்கும் ராக் ரசிகர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எதிரணியில் முதலில் பேசிய நண்பர் ஒரு பட்டியல் வாசித்தார். பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃப்ளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் த மூன்’ என்ற 43 நிமிட ஆல்பத்தில் ‘டைம்’, ‘மனி’, ‘அஸ் அண்ட் தெம்’ மூன்றும் போதும். நாலு பேர் கூடினால் அந்த மூன்றையும் போட்டுவிட்டு அடுத்த ஆல்பத்துக்குப் போய்விடலாம் என்றார். அவருக்குப் பின் வந்த சகோதரி இன்னும் ஆழமாகப் போனார். ஐம்பது ஆண்டு பழகிய ஆல்பத்தில் புதிதாக எதையாவது கண்டுபிடிக்க வேண்டுமென்றால், ஒரே பாட்டின் வெவ்வேறு பதிவுகளை அடுத்தடுத்துப் போட்டு ஒப்பிட வேண்டும் என்றார். இருவருக்கும் பதில் சொல்கிறேன். அவர்கள் எடுத்த ஆல்பத்தை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ‘டைம்’. அந்தப் பாட்டு எப்படி முடிகிறது, நடுவர் அவர்களே? டேவிட் கில்மரின் கிட்டார் தனிவாசிப்பு முடிந்து, அடுத்த சரணமும் முடிந்ததும், தாளம் தளர்ந்து வேறொரு மெட்டு உள்ளே வருகிறது. அது ‘டைம்’ பாட்டின் மெட்டே இல்லை. இரண்டு பாட்டுக்கு முன்னால் வந்த ‘ப்ரீத்’ பாட்டின் மெட்டு. வீட்டைவிட்டு ஓடிக் களைத்தவன் திரும்பி வருவதாக அந்த வரிகள் பேசுகின்றன. அதற்குத் தக்கபடி மெட்டும் புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறது. ‘டைம்’ மட்டும் தனியாகப் போட்டால் இது எங்கிருந்து திரும்பி வந்தது? கேட்டே இராத ஒன்று எப்படித் திரும்பி வரும்? எதிரணி நண்பர் தேர்ந்தெடுத்த முதல் பாட்டே, தனக்கு முன்னால் இருப்பதைப் போடு என்று கேட்கிறது.

அடுத்தது ‘மனி’. அதன் தொடக்கத்தில் வரும் நாணயச் சத்தம், காகிதம் கிழியும் சத்தம், கல்லாப்பெட்டிச் சத்தம் எல்லாம் நமக்குத் தெரியும். ஏழு ஒலிகளைத் தனித்தனியாகப் பதிந்து, டேப்பை அளந்து வெட்டி ஒட்டி, ஒரு சுழலாக ஓடவிட்டார்கள். பாட்டு ஏழு அடித் தாளம். ஏழு ஒலிக்கு ஏழு அடி. டிக் பாரியின் சாக்ஸபோனும் அந்த ஏழிலேயே ஓடுகிறது. கில்மரின் கிட்டார் தனி வந்ததும் தாளம் நான்குக்கு மாறுகிறது, தனி முடிந்ததும் பழையபடி ஏழு. விரல் விட்டு எண்ணிக்கொண்டே கேட்டால் மாறும் இடம் கையிலேயே தட்டுப்படும். இவ்வளவும் தனிப்பாட்டாகக் கேட்டாலே கிடைக்கும் இன்பம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாட்டின் கடைசியில் தேய்ந்துகொண்டே சில பேச்சுக் குரல்கள் வருகின்றனவே, அவை யாருடையவை, எதற்கு வருகின்றன?

குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் ரோஜர் வாட்டர்ஸ் அட்டைகளில் கேள்விகள் எழுதிவைத்து, ஸ்டூடியோவில் இருந்தவர்களை ஒவ்வொருவராக ஒலிவாங்கிக்கு முன் உட்காரவைத்துப் பதில் வாங்கினார். சாவுக்குப் பயப்படுகிறாயா என்று ஒரு கேள்வி. கடைசியாக எப்போது கைநீட்டி அடித்தாய் என்று ஒரு கேள்வி. அன்று நியாயம் உன் பக்கம்தானா என்று அதற்கு அடுத்த கேள்வி. குழுவோடு ஊர் ஊராகப் போய் மேடைக் கருவிகளைக் கவனிக்கும் பணியாளர்கள் பேசினார்கள். அபே ரோடு ஸ்டூடியோவின் வாயிற்காவலர் ஜெரி ஓட்ரிஸ்கால் பேசினார். பக்கத்து ஸ்டூடியோவில் இருந்த பீட்டில்ஸ் புகழ் பால் மெக்கார்ட்னியையும் கேட்டார்கள். அவர் பதில்களை ஆல்பத்தில் சேர்க்கவில்லை. ‘மனி’யின் முடிவில் வருவது அந்த அடிதடிக் கேள்விக்கான பதில்கள். அவை ஓயும்போது ரிச்சர்ட் ரைட்டின் ஆர்கன் மெல்ல எழுந்து ‘அஸ் அண்ட் தெம்’ தொடங்குகிறது. அது போரைப் பற்றிய பாட்டு. ஆக, பணத்திலிருந்து போருக்குப் போகிற வழி அந்தச் சில விநாடிப் பேச்சில்தான் இருக்கிறது. நண்பரின் பட்டியலில் இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் தப்பித்தன. வரிசையைக் கலைக்கும் ஷஃபிளில் போட்டால் அந்த வழி அறுந்துபோகும்.

இந்த ஆல்பத்தில் பத்து ட்ராக். பத்துக்கும் நடுவே ஒன்பது இணைப்புகள். அதில் எட்டு இணைப்புகளில் ஒலி நிற்பதே இல்லை. ஒரே ஓர் இடத்தில்தான் மௌனம்: ‘த கிரேட் கிக் இன் த ஸ்கை’ முடிந்து ‘மனி’ தொடங்கும் இடம். இசைத்தட்டைத் திருப்பிப் போடும் இடமும் அதுதான்.

இந்த வரிசை ஸ்டூடியோவில் உட்கார்ந்து கடைசி நேரத்தில் போட்ட வரிசையும் அல்ல. ஆல்பம் வெளிவந்தது 1973 மார்ச்சில். ஆனால் 1972 ஜனவரியில் போர்ட்ஸ்மவுத்திலும் பிப்ரவரியில் லண்டன் ரெயின்போ தியேட்டரிலும் இதை ஒரே தொடர் படைப்பாக மேடையில் வாசித்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் மேடை மேடையாக வாசித்து, ஒவ்வாததை மாற்றிக்கொண்டே வந்தார்கள். ‘ஆன் த ரன்’ முதலில் கிட்டாரும் கீபோர்டும் சேர்ந்து போகிறபோக்கில் வாசிக்கும் ஜாமாக இருந்தது. ஸ்டூடியோவுக்கு வந்தபின் ஈ.எம்.எஸ். சிந்தி ஏ.கே.எஸ். என்ற மின்னணு இசைக்கருவியில் எட்டு ஸ்வரங்களை அடித்து, வேகத்தை ஏற்றி, இன்று நாம் கேட்கும் ஓட்டமாக ஆக்கினார்கள். சாவைப் பற்றிய ‘கிரேட் கிக்’ இருந்த இடத்தில் மேடையில் ஆர்கனும் பைபிள் வாசகமும் இருந்தன. உள்ளடக்கத்தை இவ்வளவு மாற்றியவர்கள் அந்த இடத்தை மாற்றவில்லை. ஓட்டத்துக்கும் காலத்துக்கும் பின்னால் சாவு வர வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்கள்.

இப்போது சகோதரியின் வாதத்துக்கு வருகிறேன். அது வலுவான வாதம், மதித்தே பதில் சொல்கிறேன். 2011-ல் வந்த பெரிய பெட்டிப் பதிப்பில், ஒலிப்பதிவுப் பொறியாளர் அலன் பார்சன்ஸ் 1972-ல் செய்த ஆரம்பகால மிக்ஸ், அதாவது பதிந்த ஒலிகளைச் சேர்த்த வடிவம், இருக்கிறது. 1974-ல் வெம்ப்ளியில் வாசித்த மேடைப் பதிவும் இருக்கிறது. ஒப்பிட்டுக் கேட்க அருமையான சரக்கு. அந்த ஆரம்ப மிக்ஸின் ‘கிரேட் கிக்’கில் பாடகி கிளேர் டோரியின் குரல் இல்லை. ஏனென்றால் அவர் ஸ்டூடியோவுக்கு வந்ததே 1973 ஜனவரியில்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை, 30 பவுண்டு சம்பளத்துக்கு. பாட வார்த்தை எதுவும் தரவில்லை; அவராகவே பாடினார். பல ஆண்டு கழித்து வழக்குப் போட்டு, 2005-ல் சமரசமாகி, அதன்பின் வந்த பதிப்புகளில் அந்தப் பாட்டின் ஆக்கத்தில் அவர் பெயரும் சேர்ந்தது. சேர வேண்டியதுதான், அந்தக் குரல் இல்லாமல் அந்தப் பாட்டு இல்லை.

சரி, அந்தப் பழைய மிக்ஸைத் தனிப்பாட்டாகப் போட்டால் என்ன தெரியும்? குரல் இல்லை என்பது தெரியும், அவ்வளவுதான். முழு முதல் பக்கத்தையும் அந்த மிக்ஸில் கேட்டால்தான், இதயத்துடிப்பில் தொடங்கிக் கடிகாரம்வரை ஏற்றிக்கொண்டு வந்த பாரம் இறங்க இடமில்லாமல் நிற்பது தெரியும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் வரும் ‘ஸ்பீக் டு மீ’யின் முடிவில் ஓர் அலறல் உயர்ந்து ‘ப்ரீத்’துக்குள் வெடிக்கிறதே, அது டோரியின் குரல். பின்னால் வரப்போகும் கடிகாரம், கல்லாப்பெட்டி, சிரிப்பு எல்லாவற்றையும் அந்த ஒரு நிமிடத்தில் முன்கூட்டியே தூவியிருக்கிறார்கள். ஆகவே சகோதரியிடம் சொல்கிறேன்: ஒப்பிடுங்கள், தாராளமாக ஒப்பிடுங்கள். முழுதாகக் கேட்டு முடித்த அன்றைக்கு, அதற்குப் பிறகு ஒப்பிடுங்கள்.

சுருதியையும் பாருங்கள். ‘ப்ரீத்’ ஈ மைனரிலிருந்து ஏ கார்டுக்கு (கார்டு என்பது ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) போய்ப் போய்த் திரும்புகிறது. இரண்டாம் பக்கத்தில் பாட்டு வரியே இல்லாத ‘எனி கலர் யூ லைக்’ டி மைனரிலிருந்து ஜி கார்டுக்குப் போய்த் திரும்புகிறது. அதே நடை, ஒரு முழு ஸ்வரம் கீழே. பலர் அதை நிரப்பு ட்ராக் என்று தாண்டிவிடுகிறார்கள். தாண்டுகிறவர்கள் ‘ப்ரீத்’ மூன்றாம் முறை வந்ததைத் தவறவிடுகிறார்கள். ‘அஸ் அண்ட் தெம்’ தொடங்கி ‘எக்லிப்ஸ்’ முடியும்வரை நான்கு ட்ராக்கும் டி-யையே ஆதார சுருதியாகக் கொண்டு நிற்கின்றன. பதினைந்து நிமிடம் ஒரே ஆதாரத்தில் நம்மை உட்காரவைத்துவிட்டுத்தான் கடைசிக் கூட்டுக்குரலை எழுப்புகிறார்கள். அந்தப் பதினைந்து நிமிடம் இல்லாமல் ‘எக்லிப்ஸ்’ஸை மட்டும் போட்டால் இரண்டு நிமிடச் சத்தம்தான் மிஞ்சும். ராகமும் தானமும் பாடாமல் பல்லவியை மட்டும் எடுத்தால் எப்படியோ அப்படி.

எதிரணியின் இன்னொரு வாதம்: “முழு ஆல்பம் போட்டுப் பார்த்தோம், பாதியில் எல்லோரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள், அலுப்புத் தட்டிவிட்டது.” அலுப்புத் தட்டும், நடுவர் அவர்களே, கேட்கும் ஏற்பாடு கெட்டிருந்தால் கட்டாயம் அலுப்புத் தட்டும். எது எது கெடும், ஏன் கெடும் என்று சொல்லிவிடுகிறேன். அடுத்த முறை கூடும்போது உதவும்.

பெரும்பாலும் முதலில் கெடுவது ஒலியளவு. ஆல்பம் இதயத்துடிப்பில் தொடங்குகிறது. மிகச் சன்னமாகத் தொடங்கி மெல்ல ஏறும். அது கேட்கவில்லையே என்று யாராவது எழுந்து வால்யூமைத் திருகுவார்கள். ஏழெட்டு நிமிடம் கழித்து, பழங்காலக் கடிகாரக் கடையில் அலன் பார்சன்ஸ் பதிந்துவந்த கடிகாரங்கள் எல்லாம் ஒன்றாக அடிக்கும்போது எல்லோரும் துள்ளுவார்கள், உடனே வால்யூம் இறங்கும். இறங்கியது பிறகு ஏறுவதே இல்லை. ‘கிரேட் கிக்’கின் பியானோ வரும்போது அறையில் பேச்சுதான் பெரிதாகக் கேட்கும். ஆட்கள் வருவதற்கு முன்பே அந்தக் கடிகார இடத்தையும் ‘எக்லிப்ஸ்’ஸின் கடைசி நிமிடத்தையும் போட்டு, காது வலிக்காத அளவில் நிறுத்திவையுங்கள். பிறகு யாரும் தொடக்கூடாது. தொடக்கம் சன்னமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். மின்விசிறி முழு வேகத்தில் ஓடினால் முதல் துடிப்புகள் காதுக்கே வராது. அந்த நேரத்துக்கு மட்டும் வேகத்தைக் குறையுங்கள்.

அடுத்து ஸ்பீக்கர். கைக்கு அடக்கமான ஒற்றை ப்ளூடூத் ஸ்பீக்கரில் இந்த ஆல்பத்தைப் போடாதீர்கள். ‘ஆன் த ரன்’னில் ஒருவர் ஓடும் காலடி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகிறது, ஒற்றைப் பெட்டியில் அவர் நின்ற இடத்திலேயே ஓடுவார். இரண்டு ஸ்பீக்கர் வேண்டும். இரண்டுக்கும் நடுவே இரண்டு மீட்டர் என்றால் கேட்பவரும் ஏறக்குறைய அதே தூரத்தில், முக்கோணமாக. ஆறு பேர் என்றால் முன்னால் மூவர், இடைவெளி பார்த்துப் பின்னால் மூவர். ஸ்பீக்கர்களை நன்றாக உள்பக்கம் திருப்பி, அவற்றின் நேர்கோடு உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சற்று முன்னாலேயே ஒன்றையொன்று வெட்டும்படி வையுங்கள். ஓரத்தில் இருப்பவருக்குப் பக்கத்து ஸ்பீக்கர் முகம் திருப்பிக்கொண்டிருக்கும், தூரத்து ஸ்பீக்கர் நேராகப் பார்க்கும். அதனால் இரண்டும் ஓரளவு சமமாகும். சுவரை ஒட்டி வைத்தால் இதயத்துடிப்பு குடம் உருட்டுவதுபோல் முழங்கும். ஒன்றரை அடியாவது முன்னால் இழுங்கள்.

ஃபோனிலிருந்து போடுகிறவர்கள் மூன்று அமைப்புகளைப் பார்க்க வேண்டும். ஷஃபிள் அணைந்திருக்க வேண்டும், அது எல்லோருக்கும் தெரியும். ஒரு பாட்டு தேயும்போதே அடுத்ததை அதன் மேல் ஏற்றும் கிராஸ்ஃபேடும் அணைந்திருக்க வேண்டும், இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். ஐந்து விநாடி கிராஸ்ஃபேட் ஓடிக்கொண்டிருந்தால், ஏற்கெனவே ஒன்றுக்குள் ஒன்று கோத்துவைத்த இணைப்பின் மேல் இன்னொரு தடவை பாட்டுகளை ஏற்றிக் குழப்பிவிடும். மூன்றாவது, ஒலியளவைச் சமன் செய்யும் வசதி. பாட்டுப் பாட்டாகச் சமன் செய்தால் ‘ஸ்பீக் டு மீ’ தூக்கப்படும், ‘ப்ரீத்’ வரும் இடத்தில் படி விழும். அதையும் அணைத்துவிடுங்கள். பழைய எம்பி3 கோப்புகள் வைத்திருப்பவர்களுக்கு வேறு சிக்கல். எம்பி3 ஒலியை 1,152 சாம்பிள் (ஒலியின் நுண்ணிய அளவீடு) கொண்ட சட்டங்களாக வெட்டி அடுக்கும். பாட்டு ஒரு சட்டத்தின் நடுவில் முடிந்தால் மிச்சத்தை மௌனத்தால் நிரப்பும். தொடக்கத்திலும் கொஞ்சம் மௌனம் சேரும். அந்த மௌனம் கண்ணிமைக்கும் நேரம்தான். ஆனால் ‘பிரெய்ன் டேமேஜ்’ தாளம் தப்பாமல் ‘எக்லிப்ஸ்’ஸுக்குள் நுழையும் இடத்தில் அது பளிச்சென்று இடறும். இடைவெளியில்லாமல் இயக்கும் செயலியில், ஒலி இழப்பில்லாத ஃப்ளாக் வகைக் கோப்பாகப் போடுங்கள், இடறாது.

இசைத்தட்டு அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. முதல் பக்கம் சுமார் 19 நிமிடம், இரண்டாம் பக்கம் இருபத்து மூன்றரை. தட்டின் விளிம்பில் ஊசிக்குக் கீழே பள்ளம் நொடிக்கு 51 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. உள்வட்டத்துக்கு வரும்போது 21 ஆகிவிடுகிறது. அதே ஒலி, பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதப்பட்டிருக்கும். இந்த ஆல்பத்தின் உச்சமான ‘எக்லிப்ஸ்’, டோரிஸ் ட்ராய் முதலான நான்கு பெண்களின் கூட்டுக்குரலோடு, சரியாக அந்த உள்வட்டத்தில் வந்து விழுகிறது. தேய்ந்த ஊசியோ கோணம் தப்பிய ஊசியோ அந்த இடத்தில் குரலைக் கிழிக்கும். ஊசிக்குத் தயாரிப்பாளர் சொன்ன எடையை, ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜில் பரவலான எம்.எம். வகைக்குப் பெரும்பாலும் 2 கிராமை ஒட்டி வரும் எடையை, சின்னத் தராசில் வைத்துச் சரிபாருங்கள். எடையைக் குறைத்தால் தட்டு தேயாது என்று நினைப்பது தவறு; ஊசி குதித்துப் பள்ளத்தை இன்னும் சேதப்படுத்தும். 1973 இங்கிலாந்து முதல் அச்சு, லேபிளில் நிறம் நிரப்பிய நீல முக்கோணம் உள்ள தட்டு, வேண்டும் என்று பெரும்பணம் கொடுக்கவும் தேவையில்லை. உழுதுபோட்ட முதல் அச்சைவிடச் சுத்தமான பிந்தைய அச்சு நன்றாகப் பாடும்.

கூடிக் கேட்பவர்கள் எங்கேதான் பேசுவது என்று எதிரணி கேட்கும். தட்டைத் திருப்பும் இடத்தில் பேசுங்கள். ஃபோனில் போட்டாலும் அந்த இடத்தில் நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் தாராளமாகப் பேசுங்கள். ஆளுக்கொரு வேலையும் கொடுங்கள். ஒருவர் வாட்டர்ஸின் பேஸை மட்டும் பின்தொடரட்டும். ஒருவர் ரைட்டின் கீபோர்டை. ஒருவர் பேச்சுக் குரல்களை, எந்தப் பாட்டில் எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வருகிறது என்று. நிக் மேசன் ‘டைம்’ தொடக்கத்தில் ரோட்டோடாம் என்ற முரசுகளை உருட்டுவதை ஒருவர். இப்படிக் கேட்ட நால்வர் பேச ஆரம்பித்தால் ஐந்து நிமிடம் போதாது. தனித்தனிப் பாட்டாகப் போட்டால் பேச்சு ஒன்றில்தான் போய் நிற்கும்: எனக்கு இது பிடிக்கும், உனக்கு எது பிடிக்கும்?

அட்டையைக்கூட விடவேண்டாம். ஹிப்னோசிஸ் குழு வடிவமைத்து ஜார்ஜ் ஹார்டி வரைந்த அந்த முகப்புப் படத்தின் கண்ணாடிப் பட்டகத்திலிருந்து கிளம்பும் நிறங்கள் அட்டையின் உள்பக்கத்தில் இதயத்துடிப்புக் கோடாக ஓடி, பின்பக்கத்தில் இன்னொரு பட்டகத்துக்குள் நுழைகின்றன. அட்டைகளை வரிசையாக வைத்தால் ஒளி அறாமல் தொடரும். ஆல்பமும் துடிப்பில் தொடங்கித் துடிப்பில் முடிகிறது. படம் போட்டவர்கள் புரிந்துகொண்டதை நாம் ஏன் துண்டு போடவேண்டும்?

நிறைவாக, நடுவர் அவர்களே, இந்த வழக்கு உங்களிடம்தான் முதலில் வந்தது என்று நினைக்காதீர்கள். 2010 மார்ச்சில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் இதே வழக்கு நடந்தது. ஆல்பத்தின் பாட்டுகளைக் குழுவின் அனுமதியில்லாமல் தனித்தனியாக இணையத்தில் விற்கக்கூடாது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது என்று பிங்க் ஃப்ளாய்ட் வாதிட்டது. அந்த ஒப்பந்த விதி தட்டுகளுக்கும் வட்டுகளுக்கும்தான், இணைய விற்பனைக்கு அல்ல என்றது குழுவின் இசைத்தட்டுகளை வெளியிட்ட ஈ.எம்.ஐ. நிறுவனம். தீர்ப்பு குழுவின் பக்கம் வந்தது. மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. அடுத்த ஜனவரியிலேயே இருவரும் புது ஒப்பந்தம் போட்டுத் தனிப்பாட்டு விற்பனைக்கு வழிவிட்டார்கள் என்று எதிரணி எழுந்து சொல்லும். உண்மைதான். கடையில் எப்படி விற்பது என்பதற்கு அந்த ஒப்பந்தம். ரசிகர்கள் கூடினால் எப்படிக் கேட்பது என்பதற்கு அது விதி சொல்லவில்லை.

கடைக்கணக்கே வேண்டுமென்றாலும் தருகிறேன். ‘மனி’ தனிப்பாட்டாக வந்து அமெரிக்கப் பட்டியலில் 13-ஆம் இடம் தொட்டது, சில வாரங்களில் இறங்கிப்போனது. ஆல்பம் ஒரே ஒரு வாரம்தான் முதலிடத்தில் இருந்தது. ஆனால் 1973-க்கும் 1988-க்கும் நடுவே அமெரிக்க ஆல்பம் பட்டியலில் 741 வாரம் இருந்தது.

தீர்ப்பு எழுத உட்காருமுன் ஒன்று கேட்டுக்கொள்கிறேன், நடுவர் அவர்களே. இரண்டாம் பக்கத்தை மட்டுமாவது, கல்லாப்பெட்டியிலிருந்து கடைசித் துடிப்புவரை நடுவில் எழாமல் ஒருமுறை கேளுங்கள். இருபத்து மூன்றரை நிமிடம்தான். அதன்பிறகு எங்கள் அணிக்கு எதிராக எழுத முடிந்தால் எழுதுங்கள், ஏற்றுக்கொள்கிறோம். நன்றி, வணக்கம்.